நாற்பது தப்படி

ஞாயிற்றுக்கிழமை படகேறி
தல்காவே சந்தைக்குப் போகிறேன், பூண்டு வாங்க.
பூண்டுதான் வாங்குகிறேன், சத்தியமாக.
பூண்டுக்கு அடியில்
மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில்
இரண்டு சிட்டம் நூல்
எப்படியோ பைக்குள் வந்துவிடுகிறது.

கடைசிக் கடை எர்மிந்தாவுடையது.
வேரில் காய்ச்சிய கறுப்பு,
மரத்தாடிப் பாசியில் ஊறிய பழுப்பு.
"இந்தச் சாயம் இனி இப்படி விழாது, எடெல்மிரா."
போன வாரமும் அதையே சொன்னாள்,
அதற்கு முந்தின வாரமும்.
பொய்யென்று சொல்ல வழியில்லை.
ஒருமுறைகூட அதே பழுப்பு
திரும்பி வந்ததில்லை.
அதுதான் என் கேடு.

கெட்டுப்போன அடுப்புக்குள் ஒன்பது.
உருளைக்கிழங்கு மூட்டைகளில்
மேல்வரிசை மட்டும் கிழங்கு.
நொல்பெர்த்தோவின் பழைய ரப்பர் பூட்ஸில்
இடது காலில் சாம்பல், வலது காலில் கடுகு மஞ்சள்.
மீதியைச் சுவர்ப் பலகைகளுக்கு இடையே திணித்தேன்,
குளிருக்காக என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

ஒருநாள் கணக்குப் போட்டேன்.
ஸ்வெட்டருக்கு ஏழு சிட்டம், ஒரு மாதம்.
அத்தனையும் பின்னி முடிக்க
நூற்றுப் பதினான்கு வயதுவரை இருந்தாக வேண்டும்.
யாரோ ஒரு அதிகாரி
முத்திரை குத்திக் கொடுத்ததுபோல
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு கடல் கரையைத் தின்றது.
வீட்டின் முன்காலை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.
வீட்டையே மேட்டுக்கு இழுப்பதென்று முடிவாயிற்று.
எங்கள் தீவில் அப்படித்தான்.
கூப்பிட்டால் ஊர் வரும், மாடுகள் வரும்,
உருட்டுக்கட்டைமேல் வீடு நடக்கும்.
இழுத்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு.
மிங்கா என்போம்.
நிபந்தனை ஒன்றுதான்:
வீடு காலியாக இருக்க வேண்டும்.

முந்தின இரவு
தள்ளுவண்டியில் பதின்மூன்று நடை, மாதா கோயிலுக்கு.
மணியடிக்கும் பவுதீலியோ விளக்கோடு எழுந்து வந்தார்.
"யார் போய்விட்டது?"
"யாரும் போகவில்லை. நூல்."
சிலுவைக்குறி போட்டுக்கொண்டு
கதவை அகலத் திறந்தார்.

காலையில் ஆறு ஜோடி மாடு.
குஸ்தோதியோ கத்தினான், கயிறு முறுகியது,
வீடு அசையவில்லை.
"உள்ளே என்ன வைத்திருக்கிறாய், அம்மா?"
"ஒன்றுமில்லை."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நொல்பெர்த்தோ வானத்தைப் பார்த்தபடி,
"சுவரைத் தொடாதீர்கள், அது குளிருக்கு" என்றான்.
முப்பத்தொரு வருஷம்
அந்தப் பூட்ஸை ஏன் அவன் தேடவில்லை என்று
அப்போதுதான் யோசித்தேன்.

இன்னும் இரண்டு ஜோடி கட்டினார்கள்.
முனகிக்கொண்டு புறப்பட்டது வீடு.
பழைய தூணின் ஆணியில்
சிவப்பு நூலின் நுனி மாட்டியதை யாரும் கவனிக்கவில்லை.
சுவருக்குள் இருந்த உருண்டை சுழலச் சுழல
வீட்டுக்குப் பின்னால்
கோடு போட்டுக்கொண்டே ஏறியது சிவப்பு.
சேற்றுக்கு மேல், பெரணிக்கு மேல்,
எலீசெரின் நாய்க்கு மேல்.
பிள்ளைகள் அதை மிதிக்காமல்
இருபுறமும் நடந்து வந்தார்கள்,
ஏதோ ஊர்வலம் போல.

சிப்பியும் கறியும் வெந்து,
தின்று, குடித்து, பாடி, ஊர் கலைந்தபின்
நான் மட்டும் நுனியைத் தேடி வந்தேன்.
புல்லில் கிடந்தது.
வீட்டு வாசலுக்கும் அதற்கும் இடையே
வெறும் தரை.
தப்படி வைத்து எண்ணினேன்.
மீண்டும் எண்ணினேன், சின்னத் தப்படியாக வைத்து.
நாற்பது குறைகிறது.

கோயில் நிறைய நூல் இருக்கிறது, தெரியும்.
அந்தச் சிவப்பு இல்லை.

நொல்பெர்த்தோ வாசலில்
கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தான்.
"பூண்டு தீர்ந்துவிட்டதா?" என்றான்,
திரும்பிப் பார்க்காமல்.