வாசல் மாறி

என் வேலை எடை போடுவது.
வண்டிக்கு நூறு கிலோ பெட்ரோல்,
ஒரு கரண்டி கூடினாலும் ஆட்டம் குளோஸ்.

ஆர்டென் மழை விட்டிருந்தது.
வாசல் தாரில் உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு
செப்பே என்றொரு பையன்:
"பூமியைக் குடித்தே தீர்க்கிறீர்கள்."
எதில் வந்தாய் என்றேன்.
அண்ணனின் டீசல் வேனில், ஓஸ்டெண்டிலிருந்து.

தலைக்குமேல் ஒரு விமானம் கோடு கிழித்தது.
கடல் தாண்டுமுன் அது குடிப்பதில்
எங்கள் இருபது வண்டியும் பத்து ஞாயிறு ஓடும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்குப் பின்னால்
புல்வெளி நிறையப் பார்க்க வந்தவர்களின் கார்கள்,
சேற்றில் புதைந்து.
அந்த நீலம் என்னுடையது.

சோப்புத் தண்ணீர் ஊற்றி
விரல் விரலாகப் பிரித்தேன்.
"வாசல் மாறி ஒட்டிவிட்டாய்.
கார் நிறுத்துமிடம் அந்தப் பக்கம்."

பந்தயம் கிளம்பிய இரைச்சலில்
அவன் சொன்ன பதில் கேட்கவில்லை.