பிப்ரவரிக் கண்

ஜும்பெர் செத்த அக்டோபரில்
நான் அழவில்லை.
காய் உலர்த்தும் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினேன்.
'கல்நெஞ்சுக்காரி' என்றாள் சியாலா
வேலிக்கு அந்தப் பக்கம், எனக்குக் கேட்கும்படி.

பிப்ரவரியில்
இங்குரி ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியதும்
இலை ஒன்றில்லாத ஹேசல் மரங்கள்
மஞ்சள் குஞ்சங்களை உதறின.
தும்மல். மிளகாய் தேய்த்தாற்போல் கண்.
ரொட்டி வாங்கப் போனால் வரிசையே வழிவிட்டது.
சியாலா பாலாடைக்கட்டியோடு வந்து
தலையைத் தடவினாள்.
மகரந்தம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
தும்மல் முந்திக்கொண்டது.
அப்புறம் சொல்லவில்லை.
பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது.

ஸுக்திதி டாக்டர் சொன்னார்
தோப்பை விற்றுவிடுங்களேன் என்று.
விற்றால்
அவர் எழுதும் மாத்திரைக்குக் காசு?

இந்த மரத்தின் பெண்பூ
மொட்டு நுனியில் சிவப்பு நூல், அவ்வளவே.
தூள் வந்து ஒட்டிய உடனே கருப்பிடிக்காது.
நாலைந்து மாதம்
சும்மா வைத்திருக்கும்.

ஜூனில் காற்றில் ஒன்றுமில்லை.
அவன் மழைக்கோட்டுப் பையில்
போன வருஷக் காய் மூன்று;
ஒன்றில் பல் பதிந்த தடம்,
உடையவில்லை.

சியாலா வேலிமேல் எட்டிப் பார்த்தாள்.
அலர்ஜி என்றேன்.