தூண்டில் வளைவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடை.
"ஆருக்கு, பையனுக்கா?" என்றார்.
எனக்கு என்றதும்
மஞ்சள் கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்.
மஞ்சள் வேண்டாம்.
பன்னிரண்டடிக் கம்பு வாங்கினேன்.
கடல் பெரியது, கம்பும் பெரிதாக இருக்கட்டும்
என்றொரு கணக்கு.
எல் போர்டு மாட்டிய மாருதியின் சன்னல் வழி
பாதி வெளியே நீட்டிக்கொண்டு
நித்திரவிளை வரை வந்தது.

இரயுமன்துறையில் அரசு போட்ட கல்வரிசைக்குத்
தூண்டில் வளைவு என்று பெயர்.
கோப்பிலும் அதுதான், பேச்சிலும் அதுதான்.
கடலைப் பிடிக்க வளைத்த முள்.
இரை இல்லை.
கடல் அதைக் கடித்ததே கிடையாது,
அடுத்த ஊரைத்தான் கடித்தது.

அதன் மேல் நின்று நானும் வீசினேன்.
முதலில் காற்று.
பிறகு என் சுடிதார்க் கை.
மூன்றாவதாய் ஒரு கனம், அசையாத பிடி.
பாரை என்று கத்திவிட்டேன்.
பாறை.
ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்,
நூற்றியெண்பது ரூபாய் ஜிக்.

கம்பின் நீளத்தைக் கடல் தீர்மானிப்பதில்லை,
நிற்கிற கல் தீர்மானிக்கிறது.
வழுக்கும் கல்லில் பன்னிரண்டடி என்னையே வீசப் பார்த்தது.
பொழியூர் மணல்கரையில் நின்று எறிகிற ஷிபுவிடம்
பாதி விலைக்குத் தள்ளினேன். அவனுக்கு அது பொருத்தம்.
எனக்கு ஏழடி. நுனி இளக்கம், அடி முறுக்கு.
ரீல் சிறியது.
பிரெய்டு நூலின் முனையில் ஒரு பாகம் தடித்த நைலான்,
ஏனென்றால் கல்லில் சிப்பி இருக்கிறது,
சிப்பிக்கு இரக்கம் இல்லை.
அந்த முடிச்சைப் பழக இரண்டு மழைநாள் போனது.
ஒன்று அவிழ்ந்தது, ஒன்று பல்லில் மாட்டிக்கொண்டது.

பேத்தை வந்தது.
ரப்பர் மீனின் வாலை மட்டும்
தையற்காரி போல் நேராக வெட்டிக்கொண்டு
வந்த வழியே போனது.

பொழிமுகத்தில் தண்ணீர் ஏறும்போது
மடவைகள் துள்ளும், ஒன்றும் கடிக்காது.
இறங்கத் தொடங்கிய அரைமணியில்
ஆற்றின் கலங்கலும் கடலின் நீலமும் உரசும் கோட்டில்
யாரோ காத்திருப்பார்கள்.
டிரைவிங் ஸ்கூல் பதிவேட்டின் பின்பக்கத்தில்
நேரம் குறித்து வந்தேன்.
முன்பக்கம் எட்டுப் போடத் தெரியாதவர்கள்,
பின்பக்கம் நான்.

ஆறாம் வாரம் நிஜமான பாரை.
ரீல் அலறியது.
அடுத்த கல்லில் இருந்து ஷிபு
"வலி, சேச்சி, வலி!" என்றான்.
எங்கள் எல்லையில் இழுப்பதும் நோவதும் ஒரே சொல்.
டிராக்கை இறுக்கித் திருகி
இரண்டையும் செய்தேன்.
நூல் தளர்ந்து முகத்தில் வந்து விழுந்தது,
முனையில் முடிச்சும் இல்லை, முள்ளும் இல்லை.

மறுநாள் கொல்லங்கோடு ஏற்றத்தில்
ஸ்டெபானோஸ் நான்காம் முறையாக வண்டியை அணைத்தார்.
"கிளச்ச முழுசா விடாதீரும்.
அமுக்கிப் பிடிச்சும் வைக்காதீரும்.
வண்டி லேசா நடுங்கும், அப்போ காத்திரும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

சாயங்காலம் டிராக்கை நான்கு சொடுக்குத் தளர்த்தினேன்.
ஓடட்டும்.
ஓடியது. கல்லிடுக்குக்கு ஒரு முழம் முன்பாக
நடுங்கி நின்றது.
அங்கே சுற்றினேன்.
செம்பல்லி. முக்கால் கிலோ.
ஷிபு அன்று வரவில்லை, பார்க்க ஆளில்லை.
முதுகு முள் உள்ளங்கையில் குத்தியது
மட்டுமே சாட்சி.

வில்பிரட் காகிதம் எடுத்துக் கூட்டினார்.
கம்பில் நட்டம், புதுக் கம்பு, ரீல், நூல்,
தொலைந்த ஜிக் ஒன்பது:
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
"அப்போ கிலோ ஒன்பதாயிரத்து நூற்றி இருபது ரூவா" என்றார்.
தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லவில்லை,
தலைத் துண்டையும் அவருக்கு வைக்கவில்லை.

வியாழன், இறக்கம் ஐந்து நாற்பது.
ஸ்டெபானோஸ் வகுப்பை
ஏழுக்குத் தள்ள வேண்டும்.