எட்டுப் புள்ளி

துருவ நட்சத்திரம் எங்களுக்கு ஒன்பது பாகை உயரத்தில்தான்.
வவுனிக்குளக் கட்டில் நின்று வடக்கே பார்த்தால்
அதையும் ஒரு பாலை மரம் மறைத்துக்கொண்டு நிற்கும்.
குத்துமதிப்பாகத்தான் பூட்டினோம்:
டிஷ் அன்ரனா மோட்டரில் நிரூபன் செய்த சுழலி,
உழவு மெஷினின் பற்றரி,
பனிக்குக் கண்ணாடி வேர்க்காமல்
தொலைநோக்கியின் கழுத்தில் என் பழைய காலுறை.

தெற்கே, தண்ணீருக்கு மேலே, ஒரு மங்கல்.
லென்சில் படிந்த விரலடையாளம் என்றுதான் நினைத்தேன்.
ஒமேகா சென்ரோரி என்றான்.
ஒரு கோடி வெள்ளி, உருண்டையாய், ஒரே கொத்தில்.

பத்து செக்கனுக்கு ஒரு படம்.
கூட விட்டால் நடு வெந்து வெள்ளையாகும்,
குறைத்தால் ஓரத்தில் இருப்பவை வராது.
இருநூற்றுப் பதினாறு எடுத்தோம்.
இடையில் ஒருக்கா காட்டோரம் கிளை முறிந்தது.
லைட்டை நூத்து, மூச்சையும் நூத்து இருந்தோம்
ஆனை போகும்வரை.

மல்லாவியில், ஸ்ருடியோ திறக்க முன்னம்,
எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
ஒன்றில் மட்டும் வருவதை மெஷின் நம்பாது.
செய்மதிக் கோடு, மின்மினி, குறுக்கே பறந்த ஆட்காட்டி,
எல்லாம் பொய்யென்று கழிக்கும்.
திரும்பத் திரும்ப வருவதுதான் அதற்கு உண்மை.
மங்கல் உடைந்தது,
மணல்மணலாய், நட்டநடுவிலும் தனித்தனியாய்.
சிலது சிவப்பு. வயதுபோன வெள்ளிகளாம்.

அதே திரையில், பக்கத்து ஃபோல்டரில்
அருளம்மா தந்த கலியாணப் படம்.
பொம்பிளையும் மாப்பிள்ளையும் அவவுக்குத் தேவையில்லை.
பின்வரிசையில், ஆரோ ஒருவரின் தோளுக்கு அப்பால்
அரைவாசி முகம்.
'அவனை மட்டும் பெருப்பிச்சுத் தாங்கோ, தங்கச்சி.'
எண்ணிப் பார்த்தேன். குறுக்கே எட்டுப் புள்ளி.
கண் இரண்டும் இரண்டு புள்ளிக்குள்.
வேறை படம் இல்லையோ?
'இது ஒண்டுதான்.'

பதினேழாயிரம் வருசம் நடந்துவந்த வெளிச்சத்தை
நேற்று இருநூறு தரம் மறித்து விசாரித்தேன்.
ஒருதரம் மட்டும் வந்துபோனவனை
எதன்மேல் அடுக்க?

கழித்தவற்றுக்குள் போய்
நூற்றி முப்பத்தேழாம் படத்தைத் திரும்ப எடுத்தேன்.
மீன்காரரின் டோர்ச் பட்டு
ஆட்காட்டியின் ஒருபக்கச் சிறகு,
கோடாய் இழுபட்டு.
வேறாகச் சேமித்தேன்.
ஏன் என்று நிரூபன் கேட்டால்
சும்மா என்று சொல்லலாம்.

ஒன்பதரைக்கு அருளம்மா வந்தா.
பிறேமையும் தானே வாங்கி வந்திருக்கிறா,
எட்டுக்குப் பத்து.
வெள்ளிக்கிழமை வாங்கோ என்றேன்.