சீமெந்து வாங்கு

நகரசபையில் ஒரு படிவம் தந்தார்கள்.
மூன்றாவது கேள்வி:
இறந்தவருக்கும் விண்ணப்பதாரிக்கும் உள்ள உறவு.
கோடு போட்ட இடம் இரண்டங்குலம்.
பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து
மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

கோட்டைக்குள்ளே, கோணேசருக்குப் போகிற வழியில்
காதலன் கப்பலேறியதைப் பார்த்துப் பாய்ந்தாளாம்
ஒரு ஒல்லாந்துப் பெண்.
பாயவேயில்லை, பிறகு வேறு கலியாணம் கட்டினாள்
என்றும் சொல்கிறார்கள்.
எப்படியோ, அவளுக்கு ஒரு கல்தூண் இருக்கிறது.
நிலாவெளி றோட்டில்
வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் புல் வெட்டிய மயானம்,
வயதும் பொறித்த கல்.
யோகநேசனுக்கு
பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரி.

அதை நான் பார்த்திருக்கிறேன்.
டச்பே, இரவு ஒன்பதரை, ஆண்கள் இருவர்.
சிங்களத்தில் எழுதினார்கள்.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
அவன் பெயர், ஒரு 'சஹ', என் பெயர்.
எந்த அழைப்பிதழிலும்
நாங்கள் அவ்வளவு கிட்டவாக எழுதப்பட்டதில்லை.

மூன்றாம் நாள் விட்டார்கள்.
அதற்கு முதலே கதை ஒழுங்கைக்கு வந்துவிட்டது.
பாமசியில் அவன் கணக்கை முடித்தார்கள்.
வீட்டில் அவன் கோப்பையைத் தனியாகக் கழுவினார்கள்.
மீதியை எழுதமாட்டேன்.
அது அவனுடையது.

கிளாக் நல்ல மனுசன்.
கண்ணாடிக்கு மேலால் பார்த்து
"நண்பர்கள் எண்டு போடுங்கோ தம்பி" என்றார்.
கல் வெட்டுகிறவர் எழுத்துக்குக் காசு கேட்டார்.
நண்பன் என்றால் நாலு, நண்பர்கள் என்றால் ஆறு.
ஒளிந்துகொள்ள
அந்த இரண்டெழுத்துக்கும் சேர்த்துக் கட்டினேன்.

இப்போது டச்பேயில் ஒரு வாங்கு இருக்கிறது.
யோகநேசன் ஞாபகார்த்தமாக. நண்பர்கள்.
மான்கள் முதுகு உரசும்,
கச்சான் சுற்றிய கடதாசியைத் தின்னும்.
பிள்ளைகள் ஐஸ்கிறீம் சிந்துவார்கள்.
அவனுக்கு அது பிடித்திருக்கும்.

மாரி முடிந்து ஒருநாள்
விழுந்த திறப்பை எடுக்கக் குனிந்தேன்.
வாங்கின் அடிப்பக்கம் விரலில் இடறியது,
ஆணியால் கீறிய எழுத்து.
சுகிர்தா. பக்கத்தில் ஃபர்ஹானா.
தள்ளி, சிங்களத்தில் ஒரு முதலெழுத்து.
ஒரு பெயர் பாதியில் நிற்கிறது,
யாரோ வந்திருக்கவேண்டும்.
ஆறெழுத்துக்கு ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம்
ரோந்து வந்த பொலிஸ்காரர் ஒருவர்
தொப்பியைக் கழற்றி வைத்து அதில் இருந்தார்.
சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர்
விழாமலிருக்க விளிம்பைப் பிடித்தார்.
நாலு விரலும் அடிப்பக்கம் போயின.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கயிறு கட்டி முடிந்த பிறகும்
அந்த விரல்கள்
கொஞ்சநேரம் அங்கேயே இருந்தன.