மூலம் தெரியவில்லை

செவ்வாய்க்கிழமைதோறும்
செவ்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன்.
எங்கள் ஸ்பானிஷிலும் கிழமைக்கும் கிரகத்துக்கும்
ஏறக்குறைய ஒரே பெயர்தான்.
அட்டகாமாவில், யுங்காய் தாண்டி நாற்பது கிலோமீட்டர்.
தார் கிடையாது.
லாரிக்கு வயது முப்பத்தொன்று.

வெள்ளைக் கூண்டுக்குள் ஆறு பேர்.
அவர்களுக்கு இது பூமி இல்லை.
ஜன்னலில் நான் தட்டுப்பட்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது:
சிரிலோ கொல்கே என்று ஒருவன் இல்லை,
தொட்டி தானாக நிரம்புகிறது.

தலைக்கவசம் இல்லாமல்
செவ்வாயில் நின்று சிகரெட் பிடித்த
முதல் ஆள் நான்தான்.
எர்மிண்டாவிடம் பெருமையாகச் சொன்னேன்.
"நம் குழாயில் மூன்று நாளாகக்
காற்றுதான் வருகிறது" என்றாள்.

போன வாரம் குழாய் மூட்டில் ஒழுகியது.
துணி சுற்றி அடைப்பதற்குள்
தட்டளவு ஈரம்.
பாறை பொறுக்கும் பின்லாந்துக்காரி, சைமி,
கவச உடையில் தள்ளாடி வந்து
அதன் முன்னே மண்டியிட்டாள்.
கையுறையோடு தொட்டாள்.
அங்கே மழை பெய்து
எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது.
நிமிர்ந்தாள்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
நேராக என்னைப் பார்த்தாள்,
விதியை மீறி,
மண் காய்ந்து முடியும்வரை.

அன்றைய அறிக்கையைக்
கட்டுப்பாட்டு அறைப் பையன் சிரித்துச் சிரித்து வாசித்தான்:
தரையில் ஈரப்பதம்.
மூலம் தெரியவில்லை.

நேற்றும் செவ்வாய்.
மூட்டை முழுக்க இறுக்கவில்லை.
இரண்டு லிட்டர் இருக்கும்.
எர்மிண்டாவிடம் சொல்லவில்லை.