அடியில் ஒருவன்

மக்காசர்க் கோட்டையின் மேற்கு மூலையில்
கள் விற்கிறவள் நான். பெயர் இ பாஜி.
கும்பினிக் கப்பல்கள் கடலை அடைத்து
இது இரண்டாவது மழை.
அரிசி தீர்ந்தது. பனை தீரவில்லை,
பாளை சீவ ஆள் இருக்கிறவரைக்கும்.

அன்று காற்றே இல்லை.
பானையில் நுரை மட்டும் நடுங்கியது.
நின்றது. மறுபடி நடுங்கியது,
தூக்கத்தில் எருமை தோலைச் சிலிர்ப்பதுபோல.
காவல் நின்ற தாயெங் தாருவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
“உன் சரக்கை நீயே குடித்திருக்கிறாய்” என்றான்.
கடன் சொல்லி ஒரு சிரட்டை வாங்கிப்போனான்.
சுவரில் இன்னொரு கரிக்கோடு போட்டேன்.

இரவு, தரையில் காதை வைத்துப் படுத்தேன்.
மண்வெட்டி.
கூடை இழுபடும் ஓசை.
ஓர் இருமல், அதன்பின் ஒரு சொல்:
“உவாயே.”

தண்ணீரை நாங்கள் ஜெனே என்போம்.
உவாயே என்பது மலைக்கு அப்பால்
போனே நாட்டார் வாயில் ஊறும் தண்ணீர்.
என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரின் தண்ணீர்.

வெள்ளைக்காரன்தான் தோண்டுகிறான் என்று நினைத்திருந்தேன்.
அவன் எங்கே தோண்டுவான்?
அவன் கையில் மை இருக்கும், கிராம்பு நிறுக்கும் தராசு இருக்கும்.
தோண்டத் தெரிந்தவர்கள் இவர்கள்.
கற்றுக்கொடுத்தது நாங்கள்.
இதே கோட்டைக்கு அகழி வெட்ட
ஒரு கோடை முழுக்க இழுத்துவந்து நிறுத்தினோமே,
அப்போதும் இந்தச் சொல்லைத்தான் கேட்டார்கள்.
நான் விலை சொன்னேன்.

காலையில் தாருவிடம் எல்லாம் சொன்னேன்,
அந்தச் சொல்லைத் தவிர.
இந்த முறை அவன் சிரிக்கவில்லை.
அவன் தன் தலைவனிடம், தலைவன் தன் தலைவனிடம்.
எதிரே சுரங்கம் வெட்ட ஆள் தேடினார்கள்.
வெட்டிப் பழகிய கை ஒன்றும்
உள்ளே இல்லை.

மூன்றாம் நாள் விடியலில் சுவர் எழுந்தது.
ஆம், விழுவதற்கு முன்னால் எழுந்தது,
எங்கோ புறப்படப்போவதுபோல.
பிறகு செங்கல் மழை.
பானைகளை முந்தின இரவே நகர்த்தியிருந்தேன்.
தாரு காவலை விட்டு நகரமாட்டேன் என்றான்.
அவனும் இல்லை, அவன் கடனும் இல்லை,
கரிக்கோடு இருந்த சுவரும் இல்லை.

இனி கிராம்பு கும்பினித் தராசில் மட்டும் ஏறுமாம்,
ஓலை எழுதிக் கைச்சாத்து வாங்கிவிட்டார்கள்.
கள்ளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நேற்று ஒருவன் வந்தான்.
நகக்கண்ணில் இன்னும் மண்.
பானையைப் பார்த்துத் தலையாட்டி
அந்தச் சொல்லைக் கேட்டான்.
சிரட்டையை நிரப்பிக் கொடுத்தேன்.
குடித்து, வாயைத் துடைத்து,
எவ்வளவு என்றான்.

பழைய விலை எனக்கு நினைவிருந்தது.
அவனுக்கும்.